மஞ்சள் விளக்கு உணர்த்துவது யாது?

பழைய காரின் முகப்பில் இயந்திர வடிவான மஞ்சள் விளக்கு எரிந்தால் நாம் கலங்குகிறோம். அன்றேல் கண்டும் காணாதிருக்கிறோம். இரண்டும் தகாது.

விளக்கு நிலையாக எரிந்தால், முதலிற் பெற்றோல் தாங்கியின் மூடியை இறுக்கிப் பார்ப்போம். ஆவிக் கசிவும் அதனை எரியச் செய்யும். விட்டுவிட்டு மின்னினாலோ நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெற்றோல், புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைப் பழுக்கக் காய்ச்சி அழித்துவிடும். வண்டியை ஓரமாக நிறுத்துதல் வேண்டும்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக் கார்கள் முதற் பொதுக் குறியீட்டு முறை கட்டாயமாயிற்று. அதில் ‘பீ 0171’ எனின், காற்று மிகுதி, பெற்றோல் குறைவு என்பதே பொருள். ஒட்சிசன் உணரியை மாற்றுக என்பதன்று. வெடித்த றப்பர்க் குழாயொன்றே காரணமாகலாம்.

குறியீடு நோயன்று, நோயின் அறிகுறியே. சோதியாது உறுப்பை மாற்றினாற் கரைவது குடும்பத்தின் கைப்பொருளன்றோ?