மனமறிந்து வழங்கும் பரிசு

தீபாவளித் திருநாள் நெருங்கும்போது நம் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்குகிறது. பிள்ளைகளுக்கும் உற்றார் உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பரிசுகள் வழங்கி மகிழ்கிறோம். ஆயினும், நாம் வழங்கும் பரிசுகள் யாவும் பெறுவோர்க்கு மகிழ்ச்சி தருகின்றனவா? இதனைச் சற்றே சிந்திப்போம்.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1993ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் நாளில் பெற்ற பரிசுகளைத் தாங்கள் எவ்வளவாக மதிக்கின்றனர் எனக் கல்லூரி மாணவர்களை அவர் வினவியிருந்தார். அவர்கள் கூறிய மதிப்பு, பொருளின் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தது. அதாவது, 30 வெள்ளிப் பொருளில் 3 முதல் 10 வெள்ளி வரை வீணாகிறது. அன்பின் மதிப்பை அவர் இக்கணக்கில் சேர்க்கவில்லை என்பது உண்மையே. எனினும், வியர்வை சிந்தி ஈட்டிய பொருளைச் செலவிடும் நமக்கு இஃது எண்ணத்தக்க செய்தியன்றோ?

இவ்விழப்பிற்குக் காரணம், பெறுவோரின் விருப்பத்தைக் கொடுப்போர் அறியாமையே. தோட்டமொன்றில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவோம். ஒரு மாணவன் சிற்றுண்டிச்சாலைக் காசைச் சேர்த்து, பால்மரம் சீவும் தன் அன்னைக்குக் கண்ணாடிப் பூச்சாடி வாங்கித் தந்தான். அன்னை மகனை அணைத்துக்கொண்டார். சாடியை அலமாரியின் மேல் வைத்தார். அஃது அங்கேயே இருந்தது. மறு ஆண்டு, விடியுமுன் வேலைக்குப் புறப்படும் அன்னையின் தலைவிளக்கு மங்கலாக எரிவதை அவன் கண்டான். சேர்த்த காசில் புதிய மின்கலங்கள் வாங்கினான். “இது என் மகன் தந்த வெளிச்சம்” என்று அவ்வன்னை பெரட்டுக்கு வந்தோரிடமெல்லாம் கூறிப் பெருமிதம் கொண்டார்.

ஆகவே, பரிசு வாங்குமுன் பெறுவோரின் அன்றாட வாழ்வை உற்றுநோக்குதல் வேண்டும். எதனைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகின்றனர்? எதனைக் கடையில் எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்துவிடுகின்றனர்? விடை அங்கே உள்ளது. அறிய இயலாவிடில், அவரையே கேட்பதில் இழிவில்லை.

அவரவர் பழக்கத்தையும் மதித்தல் வேண்டும். மலாய் நண்பர்களுக்கு ஹலால் முத்திரையுள்ள தின்பண்டங்களையே வழங்குதல் நன்று. சீன நண்பர்களுக்குக் கடிகாரம் வழங்கலாகாது. ‘கடிகாரம் அளித்தல்’ என்னும் சீனச் சொல், இறுதிக் கடன் ஆற்றுதலைக் குறிக்கும் சொல்போல் ஒலிக்கும். புலால் உண்ணாதோர் இல்லத்திற்கு முட்டை சேர்த்த கேக் ஆகாது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியோர் ஆறு பேரில் ஏறக்குறைய ஒருவர்க்கு நீரிழிவு உண்டு. பாட்டி தாத்தாவுக்கு இனிப்புப் பெட்டியைவிடப் பழக்கூடை நலம் பயக்கும்.

பெற்றோர்களே! கடன்பட்டு வாங்கும் பரிசின் மகிழ்ச்சி சில நாள். கடனோ பல மாதம். பிள்ளைகள் விலையுயர்ந்த பொம்மையைவிட, உங்களோடு கழிக்கும் ஒரு நாளையே விரும்பக்கூடும்.

மாணவச் செல்வங்களே! கையில் காசில்லையே என வருந்தாதீர்கள். பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவதும், தந்தைக்கு நாளிதழ் படித்துக் காட்டுவதும் பரிசுகளே. பொருளறிந்து வாங்குவதினும் மனமறிந்து வழங்குவதே சிறப்பு. அவ்வாறு வழங்கி மகிழ்வோமாக!