வழுக்கைக்குத் தடவும் மருந்து: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை

"என்னங்க, நெத்தி இப்படி ஏறிக்கிட்டே போகுதே!" என்பாள் மனைவி. கணவன் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வான். பிறகு யாருக்கும் தெரியாமல் சந்தைத் தைலத்துக்குக் காசைக் கொட்டுவான். இது ஒளிக்க வேண்டிய விஷயம் அல்ல. இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

வழுக்கை ஏன் வருகிறது?

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. நெற்றி ஓரமும் உச்சியும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வெறுமையாவதே ஆண் வழுக்கை. ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் முடியின் வேரைச் சிறுகச் சிறுகச் சுருங்கச் செய்கிறது. இத்தன்மை தாய்வழியாகவும் வரும், தந்தைவழியாகவும் வரும்.

"ஆம்பளை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா முடி கொட்டிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு. அதில் விந்தணு செல்லும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது. ஹார்மோன் சுரப்பது மாறுவதில்லை.

மருந்து எது?

மினாக்சிடில் என்பது அதன் பெயர். முதலில் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைக் கண்டு, பின்னர் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-இல் அமெரிக்க அரசு அதை ஆண்களின் வழுக்கைக்கு அனுமதித்தது.

தடவும் முறை

1. தலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

2. காலையில் 1 மி.லி., இரவில் 1 மி.லி. முடியின் மேல் அல்ல, தோலின் மேல் தடவுங்கள். கூடுதலாகத் தடவினால் கூடுதலாக வளராது.

3. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுக்குமுன் மருந்து காயட்டும்.

4. இம்மருந்தில் ஆல்கஹால் உண்டு. அடுப்பு, பீடி நெருப்பு அருகே வேண்டாம்.

பொறுமை வேண்டும்

முதல் சில வாரங்கள் முடி கூடுதலாக உதிரலாம். பயப்பட வேண்டாம். பலன் தெரிய 4 மாதமாவது ஆகும். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. பல வருஷமாக வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் முளைப்பது அரிது. நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி உதிரும். ஆகவே, மாதாமாதம் இச்செலவு குடும்பத்துக்குத் தாங்குமா என்று இருவரும் கணக்குப் பார்த்தபின் தொடங்குங்கள்.

குழந்தை உள்ள வீட்டில் கவனம்!

ஈரத் தலையோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து தடவிய தோல் பட்டதால் கைக்குழந்தைகளின் உடம்பில் முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இம்மருந்தைத் தடவிக்கொள்ளக் கூடாது.

டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டியவர்கள்

இருதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். தலையில் புண் உள்ளவர்கள். வட்ட வட்டமாகவோ திடீரெனவோ முடி உதிர்பவர்கள். தடவும் காலத்தில் நெஞ்சுவலி, தலைசுற்றல், கால் வீக்கம் கண்டால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. வழுக்கை நோயும் அல்ல, ஆண்மைக் குறைவும் அல்ல. மருந்து தடவுவதும் தடவாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். "தலையில முடி இல்லேன்னா என்னங்க, நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்று மனைவி சொல்லும் ஒரு சொல், எந்தத் தைலத்தையும்விட மேலானது.