லேப்டாப் எந்த வைஃபையில் சேர்வது? நாம்தான் சொல்ல வேண்டும்

கீழே கடை, மேலே வீடு என்று வாழும் வணிகர்கள் நம்மில் ஏராளம். பகலெல்லாம் கடையில் பில் போட்ட லேப்டாப்பை இரவு மாடிக்கு எடுத்துச் சென்று ஜி.எஸ்.டி. கணக்கை முடிக்கிறோம். மாதக் கணக்கு கொடுப்பவர்களுக்கு 3பி படிவத்தின் கடைசி நாள் 20ஆம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. அன்றைக்குப் பார்த்துத்தான் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இணைப்புக் கொடுத்தவரைத் திட்டித் தீர்க்கிறோம். பல வீடுகளில் கோளாறு அவரிடம் இல்லை. மாடியில் இருக்கும் லேப்டாப், கீழே கடையில் உள்ள ரூட்டரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்!

ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்துச் சேர்ந்த இணைப்பை லேப்டாப் மறப்பதில்லை. பக்கத்திலேயே பலமான வேறு இணைப்பு இருந்தாலும், பழையது அறுந்துபோகும் வரை பெரும்பாலும் அதை விடுவதுமில்லை. எது முதலில், எது அடுத்து என்று மேலும் கீழும் நகர்த்தி வைக்கும் பட்டியல் விண்டோஸ் 7இல் இருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல வசதியை ஏன் எடுத்தார்களோ!

இப்போதைய விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போனால் ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’ என்ற இடம் வரும். இதுவரை சேர்ந்த இணைப்புகளின் பெயர்கள் எல்லாம் அங்கே இருக்கும். கடையின் பெயரைத் தொட்டு, தானாகச் சேரும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ‘ஃபர்கெட்’ கொடுக்க வேண்டாம்; கொடுத்தால் பாஸ்வேர்டும் அழிந்து, காலையில் கடைப் பையனிடம் கேட்டு நிற்க வேண்டும். டிக்கை மட்டும் எடுத்தால், கடை திறந்ததும் ஒரு தடவை நாமே தொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அந்தக் கட்டத்தில் மறுபடி டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும். விழுந்திருந்தால் இரவில் பழைய கதைதான்.

வீட்டு ரூட்டரே இரண்டு பெயர் காட்டினால், 5ஜி என்று முடிவது செல்போன் 5ஜி அல்ல; 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் உண்டு, சுவர் தாண்டும் வலு குறைவு. ரூட்டர் இருக்கும் அறைக்கு அது, உள்ளறைக்கு மற்றது.

செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் டிக் வேண்டாம். விண்டோஸ் அப்டேட் ஒன்று இறங்கினாலே அன்றைய டேட்டா காலியாகிவிடும்.

கொள்முதலுக்கு வெளியூர் போய் லாட்ஜில் தங்கும்போது பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில் சேர்கிறோம் அல்லவா? இதில்தான் ஆபத்து அதிகம். அத்தகைய இணைப்பை லேப்டாப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதே பெயரில் வேறொருவர் ஓர் இணைப்பைத் திறந்து வைத்தால், நம்மைக் கேட்காமலே அதிலும் போய்ச் சேரும். வங்கிக் கணக்கைத் திறக்கும் லேப்டாப் அது. இந்தப் பெயர்களுக்கு டிக்கை எடுப்பது போதாது. ஊர் திரும்பியதும் ஃபர்கெட் கொடுத்துவிடவும்.