பசையால் ஒட்டிய கார்

வகுப்பிலே நியூற்றனின் இரண்டாம் விதியைக் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவனொருவன் எழுந்து, "ஐயா, பாரங் குறைந்த கார் என்றால் அது பலங் குறைந்த கார்தானே?" என்று வினவினான். மற்றையோர் நகைத்தனர். நாமும் ஏதோ ஒரு விடை கூறி அவனை அமர்த்திவிட்டோம். வீடு திரும்பிய பின்னரே அவ்வினா நகைப்பிற்குரியதன்று என்பது நமக்குப் புலனாயிற்று. மோட்டார்ப் பந்தய வரலாற்றிலே அவ்வினாவை எதிர்கொண்டு உயிரிழந்தவர்களும் உளர். அதற்கு அமைதியான முறையில் விடை பகர்ந்த காரொன்றும் உண்டு. அதன் கதையை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

1995 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரிலே நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில், இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பனியார் எலீஸ் என்னும் சிறிய விளையாட்டுக் காரொன்றை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தனர். இருவர் மாத்திரமே அமரக்கூடிய கார், உயரம் 1.2 மீற்றர் அளவே. நிறை ஏறத்தாழ 725 கிலோகிராம். சாதாரணக் குடும்பக் கார்களே ஆயிரங் கிலோகிராமைத் தாண்டிவிட்ட காலம் அது. றோவர் கம்பனியாரின் 1.8 லீற்றர் எஞ்சின் ஒன்று அதனை இயக்கியது. அதன் வலு 118 குதிரைவலு. விளையாட்டுக் காருக்கு இது அப்படியொன்றும் பெரிய வலுவன்று. ஆயினும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை அது ஆறு வினாடிக்குள் எட்டியது.

மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். இதனினும் இருமடங்கு திணிவுள்ள காரொன்று இதே ஆர்முடுகலைப் பெறவேண்டுமாயின், அதற்கு 236 குதிரைவலு வேண்டும். பெரிய எஞ்சினைத் தாங்கப் பெரிய சட்டகம் வேண்டும். அதனை நிறுத்தப் பெரிய தடுப்புகள் வேண்டும். தடுப்புகள் பெருத்தால் சில்லுகளும் பெருக்கவேண்டும். பாரம் பாரத்தை ஈன்றுகொண்டே போகும். பாரத்தைக் குறைத்தாலோ இச்சங்கிலி எதிர்த்திசையிலே ஓடும். கார் விளம்பரங்களில் குதிரைவலுவைப் பெரிய எழுத்திலும் நிறையை மூலையிலே சிறிய எழுத்திலும் அச்சிடும் வழக்கம் நமக்கு எப்பொழுதும் வியப்பளிப்பதாகும்.

எலீசின் எஞ்சின் காரின் முன்புறத்திலே இல்லை. ஆசனங்களுக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னுமாக அது குறுக்கே வைக்கப்பட்டுள்ளது. பழைய வோக்ஸ்வாகன் காரை அறிந்தோர் இதுவும் அதுவும் ஒன்றென எண்ணுதல் கூடாது. வோக்ஸ்வாகனில் எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால் இருந்தது. இங்கோ அது காரின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கின்றது. இதனாலாகும் பயன் யாது? காவுதடியின் இரு நுனிகளிலும் தண்ணீர்க் குடங்களைத் தொங்கவிட்டுச் செல்பவன் சட்டென்று திரும்பமுடியாது. அவ்விரு குடங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டவன் நின்ற இடத்திலேயே திரும்பிவிடுவான். சுமை ஒன்றே, அது மையத்திலிருந்து இருக்கும் தூரமே வேறு. பௌதிகவியலார் சடத்துவத் திருப்பம் என்று கூறுவது இதனையே. திருப்பத்திலே விரைவாகத் திரும்பும் கார், ஓட்டுபவர் பிழை செய்யின் விரைவாகச் சுழலவுஞ் செய்யும் என்பதையும் ஈண்டுச் சொல்லிவைத்தல் நன்று. பின் ஆசனத்துக்கு இடமில்லை. பயணப் பெட்டிகளுக்கும் இடம் சொற்பமே.

பந்தயக் கார்களில் இம்முறையை நிலைநாட்டியவர்கள் கூப்பர் என்னும் ஆங்கிலத் தந்தையும் மகனுமாவர். 1958 ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனாவில் ஸ்டேலிங் மொஸ் அவர்களுடைய சிறிய காரை ஓட்டிப் பெரிய கார்களை வென்றார். அடுத்த ஆண்டு ஜாக் பிரபாம் அதே கம்பனியாரின் காரில் உலக வெற்றிவீரரானார். சில ஆண்டுகளுள் எஞ்சினை முன்னே வைத்த கார்கள் அப்பந்தயங்களிலிருந்து மறைந்தே போயின.

கூப்பர்களைப் பின்தொடர்ந்து அவர்களையும் முந்தியவர் லோட்டஸ் கம்பனியின் தாபகர் கொலின் சப்மன். 1928 இற் பிறந்த இவர் இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியிலே பொறியியல் பயின்றவர். சிறிது காலம் பிரித்தானிய அலுமினியக் கம்பனியிலே தொழில் பார்த்தவர். ஓர் உறுப்பு ஒரு வேலையை மாத்திரம் செய்வதை அவர் பொறுக்கமாட்டார். 1962 இல் வெளிவந்த அவருடைய பந்தயக் காரில் குழாய்ச் சட்டகம் இல்லை. மெல்லிய அலுமினியத் தகட்டுப் பெட்டிகளே உடலாகவும் சட்டகமாகவும் எரிபொருளைக் கொள்ளும் இடமாகவும் அமைந்தன. 1967 இல் அவர் எஞ்சினையே சட்டகத்தின் பின்பாதியாக்கிப் பின் சில்லுகளை அதனோடு பொருத்திவிட்டார்.

ஆனால், எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லையுண்டு. 1960 இல் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையிலே பயிற்சியின்போது மொஸ் ஓட்டிய லோட்டஸ் காரின் பின் சில்லொன்று கழன்றோடியது, அவர் படுகாயமுற்றார். 1970 இல் நிகழ்ந்தது அதனினுங் கொடிது. அவ்வாண்டின் லோட்டஸ் காரில் முன் தடுப்புகளைச் சில்லுகளிலே வைக்காமல் காரின் உடலோடு வைத்து, உட்டுளையுள்ள தண்டுகளாற் சில்லுகளோடு இணைத்திருந்தனர். சில்லுகளின் பாரத்தைக் குறைத்து, அவை வீதியை விட்டு எழாமற் செய்வதே நோக்கம். இத்தாலியின் மொன்சாவில் அத்தண்டுகளுள் ஒன்று முறிந்தது. ஜொகன் றின்ட் என்னும் ஓட்டுநர் உயிரிழந்தார். பாதையோரத் தடுப்புவேலி சரிவர அமைக்கப்படாமையும் அவர் மரணத்துக்குக் காரணமாயிற்று என விசாரணையிலே தெரியவந்தது. அவ்வாண்டின் உலக வெற்றிவீரர் பட்டம் அவர் இறந்த பின்னரே அவருக்குரியதாயிற்று. நம் மாணவனின் வினாவை இத்தகையவர்களின் குடும்பத்தார் முன்னிலையிற் கேட்டால் எவரும் நகைக்கமாட்டார்.

சப்மன் 1982 இற் காலமானார். எலீசை அமைக்கும் பணி அவருக்குப் பின்வந்தோர் கையிலே விழுந்தது. உருவத்தை வரைந்தவர் யூலியன் தொம்சன். சட்டகத்தை அமைத்தவர் றிச்சட் றக்கம். றக்கம் கையாண்ட முறையே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

இல்லத்தரசிகள் இடியப்ப உரலிலே மாவை இட்டுப் பிழிகின்றனர். அச்சின் துளை எவ்வடிவமோ அவ்வடிவமே மாவுக்கும் வாய்க்கின்றது. அலுமினியத்தையும் சூடாக்கி அவ்வாறே அச்சினூடாக அழுத்தி, நீண்ட உட்டுளைத் துண்டங்களாகப் பிழியலாம். எலீசின் சட்டகம் இத்தகைய துண்டங்களாலானது. இவற்றை இணைப்பது எங்ஙனம்? காய்ச்சி ஒட்டினால் வெப்பம் படும் இடத்திலே அலுமினியக் கலப்புலோகம் தன் பலத்திற் பெரும்பகுதியை இழந்துவிடும். அவ்விழப்பை ஈடுசெய்யச் சுவர்களைத் தடிப்பாக்க வேண்டும், பாரம் ஏறிவிடும். ஆகவே றக்கம் பசையை நாடினார். எப்பொக்சி என்னும் பசையைத் தடவிப் பொருத்தி, சட்டகம் முழுவதையும் சூளையிலிட்டுச் சூடாக்கி அப்பசையை இறுகச் செய்தனர். வெப்பத்தால் நலியும் மூட்டு இல்லாமையாற் பல இடங்களிலே சுவர்த் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் அளவோடு நின்றது.

பசையை நம்பி உயிரை ஒப்படைப்பதா என வாசகர் எண்ணலாம். தபால் உறையில் ஒட்டிய முத்திரையை எண்ணிப் பாருங்கள். அதனைப் பக்கவாட்டிலே இழுத்தால் அசையாது. மூலையிலே நகத்தைக் கொடுத்து உரித்தாலோ இலகுவிற் கழன்று வரும். பசையின் பலமும் பலவீனமும் இவையே. இழுவிசை மூட்டின் பரப்பு முழுவதிலும் பரவுமாயின் பசை திருகாணியினும் நன்றாகத் தாங்கும். உரிக்கும் விசைக்கோ அது இடங்கொடுத்துவிடும். எனவே உரிதல் தொடங்கக்கூடிய இடங்களிலே திருகாணிகளையும் முடுக்கினர். பசை ஒட்டும் மேற்பரப்பு எளிதிலே அரிக்கப்படாதவாறு, முன்னரே மின்பகுப்பு முறையாற் பதப்படுத்தினர். இங்ஙனம் உருவான சட்டகத்தின் நிறை 68 கிலோகிராம். வளர்ந்த ஓர் ஆளின் நிறை என்னலாம். அதனை ஒரு பாகை முறுக்குதற்கு ஏறத்தாழ 10,000 நியூற்றன் மீற்றர் திருப்பம் தேவைப்பட்டது. மேற்கூரையில்லாத காருக்கு இது பெரிய விறைப்பு.

இலவசமாக எதுவுங் கிடைக்கவில்லை. விறைப்புக்காகக் கதவடியிலுள்ள பக்கச் சட்டங்களை உயரமாகவும் அகலமாகவும் அமைத்தமையால், காரினுள் ஏறுவது வேலி கடப்பது போலாயிற்று. வயதானோருக்கு உகந்த காரன்று. ஆனால் குறைக்கக்கூடாத இடங்களிலே குறைக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். கார் புரண்டால் தலையைக் காக்கும் வளைவை உருக்கினாலேயே செய்தனர். முன்புறத்திலே, மோதும்போது நொறுங்கி அடியை ஏற்கவென்றே கண்ணாடி நாராலான பகுதியொன்றை வைத்தனர். குறைத்தவை யாவும் வேறிடத்தவை: கம்பளம் இல்லை, கண்ணாடி துடைப்பான் ஒன்றே, மிதிகளும் பிழிந்த அலுமினியமே. தடுப்புத் தட்டுகளைக்கூட சிலிக்கன் காபைட்டுத் துகள் கலந்த அலுமினியத்தாற் செய்தனர். அவை மிக இலேசானவை; எனினும் சில ஆண்டுகளில் அவற்றின் வழங்கல் நின்றுபோக, வார்ப்பிரும்புத் தட்டுகளுக்கே திரும்பினர்.

காலஞ் செல்லச் செல்லப் பாரம் திரும்பவும் ஏறியது. ஐரோப்பிய மோதற் பாதுகாப்பு விதிகளுக்கு அமைவாக 2000 ஆம் ஆண்டில் இரண்டாம் எலீஸ் வந்தது. கதவடியும் சற்றுத் தாழ்ந்தது. இதன் சட்டக முறையைத் தழுவியே அமெரிக்காவின் டெஸ்லா கம்பனியாரின் முதல் மின்சாரக் காரும் 2008 இல் வெளிவந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் ஏறத்தாழ 450 கிலோகிராம் மின்கலங்களை ஏற்றியமையால் அதன் நிறை 1,200 கிலோகிராமைத் தாண்டிற்று. பாரக் குறைப்புக்காகவே பிறந்த சட்டகத்தின் விதியை நோக்குங்கள்.

எலீஸ் என்னும் பெயர் அக்காலத்திலே லோட்டஸ் கம்பனிக்கு அதிபராயிருந்த இத்தாலியர் றொமானோ ஆர்த்தியோலியின் பேத்தி எலிசாவின் பெயரைத் தழுவியது. கார் காட்சிக்கு வந்த அதே மாதத்தில் அவருடைய மற்றைய கம்பனியான புகாட்டி முறிந்தது. அடுத்த ஆண்டிலே லோட்டசும் மலேசியாவின் புரோட்டன் கம்பனியாருக்குக் கைமாறியது. கார் மட்டும் நிலைத்து, பழைய விமானத் தளமான ஹெதலில் 2021 வரை தயாரிக்கப்பட்டது. பிராங்பேர்ட்டிலே கார் அறிமுகமானபோது எலிசாவுக்கு இரண்டே வயது. இறுதியாகத் தயாரான எலீஸ் கார் அவரிடமே சென்றது.