விலை இறங்கிய டிஸ்கவரி, இறங்காத செலவு

ஸ்ரீரங்கத்துத் தம்பி ஒருத்தர், சம்பளம் 60,000. காவிரிப் பாலம் தாண்டி தில்லைநகருக்கு வந்து கேட்டார்: "சார், 2012 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 12 லட்சம்தான். கையில 2 இருக்கு, 10 லோன் போடவா?"

கணக்குப் போட்டோம். 14% வட்டி, 5 வருஷம்: இ.எம்.ஐ. சுமார் 23,270. டீசல், இன்சூரன்ஸ் தனி. 2027-ல் வண்டிக்கு 15 வயசு, எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். லோன் அப்பவும் ஓடிட்டு இருக்கும்.

அடுத்து ரிப்பேர். இதில் இருப்பது ஏர் சஸ்பென்ஷன். ரப்பர் பை வயசாகிக் கசிந்தால், கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் போயிடும். 3.0 லிட்டர் டீசல் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் உடைவது பல நாடுகளில் பேசப்பட்ட குறை. உடைந்தால் எஞ்சினே காலி. பழசானால் வண்டி விலை இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது.

ஆசை விடலையா? ராத்திரி சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பாருங்க. ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கசிவுன்னு சந்தேகப்படுங்க. ஆயில், டைமிங் பெல்ட் மாற்றிய பில் கேளுங்க. கடன் இல்லாமல் வாங்கி, ரிப்பேருக்கும் தனியா பணம் ஒதுக்க முடிஞ்சா மட்டும் வாங்குங்க.

தம்பி இன்னும் முடிவு சொல்லல. ஆனா அட்வான்ஸும் கொடுக்கல!