தண்டப்பணத்தைக் கவுன்சிலிங்கில் கழிக்கலாமா?

விக்டோரியாவின் டண்டினோங் வாசகி ஒருவரின் வீட்டுக்கு, கட்டாத தண்டப்பணத்துக்காக ஷெரிஃப் அலுவலகத்தின் ஏழுநாள் நோட்டீஸ் வந்திருக்கிறது. “சிட்னியில் என் மச்சாள் கவுன்சிலிங்குக்குப் போயே ஃபைனைக் கழித்துவிட்டா. எனக்கும் அது சரிவருமா?” என்று எழுதிக் கேட்கிறார். சிட்னி செவன் ஹில்ஸ் வாசகர் ஒருவர் அதற்கான படிவத்தை இணையத்தில் தேடித்தேடிக் களைத்துப்போயிருக்கிறார். இதே விஷயமாக வேறும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. டண்டினோங் வாசகிக்குப் பதில்: வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த ஏழு நாள் முடிவதற்குள் அசைய வேண்டும். செவன் ஹில்ஸ் வாசகருக்கு: நீங்களாக நிரப்பி அனுப்பும் படிவம் என்று ஒன்று கிடையாது.

விஷயம் இதுதான்: தண்டப்பணத்தைக் காசாகக் கட்டாமல் சம்பளமில்லாத வேலை, வகுப்பு, ஆலோசனை, சிகிச்சை என்று கழிக்கும் ஏற்பாடு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இதை டபிள்யூ.டி.ஓ. (வேலை மற்றும் மேம்பாட்டு ஆணை) என்பார்கள். 2009இல் சோதனையாகத் தொடங்கி 2011இல் நிரந்தரமாக்கினார்கள். விக்டோரியா 2017 ஜூலையில் இதே வழிக்கு வந்தது. அங்கே பெயர் ‘பெர்மிட்’. இரண்டிலும் விண்ணப்பிப்பவர் தண்டப்பணம் கட்ட வேண்டியவர் அல்ல. அங்கீகாரம் பெற்ற ஒரு தொண்டு நிறுவனமோ, மருத்துவரோ, உளவியலாளரோ ‘ஸ்பான்சர்’ ஆக நின்று அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். சால்வேஷன் ஆர்மி போன்ற பெரிய அமைப்புகளும் உண்டு, உங்கள் தெருமுனை சமூக நிலையமும் இருக்கலாம்.

யாருக்கு? அரசு ஏடுகள் ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியோர்’ என்கின்றன. மனநோய், அறிவுத்திறன் குறைபாடு, வீடின்மை, கடும் பணமுடை, போதைப் பழக்கம் என்று பட்டியல் போகிறது. விக்டோரியாவில் குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களும் அதில் அடக்கம். கட்ட முடியாது என்று அரசுக்கே தெரிந்தவர்கள் என்று நான் அதை வாசிக்கிறேன். இத்தனை டொலர் கடனைத் தீர்த்து வைத்தோம் என்று அமைச்சர்கள் பெருமை பேசும்போது இதை மறக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி எந்தக் காலத்திலும் கஜானாவுக்கு வந்து சேர்ந்திருக்காத, காகிதத்தில் மட்டும் இருந்த பணம்.

இனி, என்னைக் கவர்ந்ததும் உறுத்துவதுமான இடம். நியூ சவுத் வேல்ஸ் வழிகாட்டியில் நெடுங்காலமாக இருந்துவரும் விகிதம் இப்படி: சம்பளமில்லாத வேலைக்கு மணிக்கு 30 டொலர், வகுப்புக்கும் நிதி ஆலோசனைக்கும் மணிக்கு 50, மருத்துவ அல்லது மனநலச் சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்ந்தால் மாதத்துக்கு 1,000. உங்கள் தலையில் 2,000 டொலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனச் சமையலறையில் வெங்காயம் உரித்துக் கழிப்பவருக்கு 67 மணி நேரம் தேவை. ஆங்கில வகுப்பில் உட்காருபவருக்கு 40 மணி. உளவியலாளரிடம் சிகிச்சைக்குப் போகிறவருக்கு இரண்டு மாதம். குணமாகிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை, திட்டத்தை விடாமல் தொடர்ந்தால் போதும்.

அபராதம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை. அந்த அநீதியைப் பின்வாசல் வழியாகக் கொஞ்சம் சரிசெய்கிறது இந்த ஏற்பாடு, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இதன் விலையை அரசு கொடுக்கவில்லை. ஸ்பான்சருக்கு இதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. மணிக்கணக்கைக் குறித்து வைத்து, தண்டப்பணம் வசூலிக்கும் ரெவெனியூ என்.எஸ்.டபிள்யூ.வுக்கு அனுப்புவதும் அவர்கள் வேலை. என்ன பேசினீர்கள் என்று எழுத வேண்டியதில்லை, வந்தீர்களா என்பதைத்தான் எழுத வேண்டும். ஆனாலும் உங்கள் மனதைத் திறந்து பேச வேண்டிய இடத்தில், எதிரே இருப்பவர் கையில் உங்கள் வரவுப் பதிவேடும் இருக்கிறது. சிறிய நிறுவனங்கள் பல ஏற்கெனவே தம்மிடம் வருகிறவர்களை மட்டுமே ஏற்பதற்குக் காரணம் மனமின்மை அல்ல, ஆளின்மை.

நல்ல சட்ட, நிதி ஆலோசனை நிலையத்தில் டபிள்யூ.டி.ஓ. முதல் கேள்வியாக வராது. நீங்கள் திறக்காமல் வைத்திருந்த கடித உறைகளைப் பையோடு மேசையில் கொட்டுவீர்கள். எது முதல் நோட்டீஸ், எது நினைவூட்டல், எதற்குக் கெடு தாண்டி 65 டொலர் அமலாக்கக் கட்டணம் ஏறிவிட்டது என்று பிரித்து அடுக்குவார்கள். மொழிபெயர்ப்பாளரை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கேட்பார்கள்: அன்று காரை ஓட்டியது நீங்கள்தானா? இல்லையென்றால் ஓட்டியவர் பெயரைக் கொடுப்பதா, மீளாய்வு கேட்பதா என்று பார்ப்பார்கள். தவறாக வந்த அபராதத்துக்கு 67 மணி நேரம் உழைப்பது மடத்தனம். ஃபிட்ஸ்ரோயில் 1972இலும் ரெட்ஃபேர்னில் 1977இலும் தொடங்கிய சமூகச் சட்ட நிலையங்களின் பழைய வேலை இதுதான், டபிள்யூ.டி.ஓ. பின்னால் வந்து சேர்ந்த கருவி.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமா? தண்டப்பணம் கட்டாததற்காக நிறுத்தியிருந்தால், ஆணை கிடைத்ததும் பெரும்பாலும் தடை நீங்கும்.

டிமெரிட் புள்ளி? அது அப்படியே இருக்கும்.

நீதிமன்றம் விதித்த அபராதம்? நியூ சவுத் வேல்ஸில் சேர்க்கலாம், விக்டோரியாவில் முடியாது.

சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் தனியார் கம்பனி செருகிவிட்டுப் போன சீட்டு? அது அரசு அபராதமே அல்ல.

விசா? தகுதிப் பட்டியலில் குடியுரிமை பற்றிப் பேச்சில்லை.

செய்து தருகிறேன் என்று காசு கேட்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது? தேசியக் கடன் உதவி எண் 1800 007 007, இலவசம். ஆங்கிலம் தடுமாறினால் முதலில் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, நம் கோயில், தமிழ்ப் பள்ளி, சங்க நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. அன்னதானச் சமையலறையிலும் சனிக்கிழமை வகுப்பறையிலும் சம்பளமில்லாத வேலைக்கு உங்களிடம் என்றும் பஞ்சமில்லை. லாப நோக்கற்ற அமைப்புகள் ஸ்பான்சராக அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள்.