வகுப்பறை வாசல் – 6: டீச்சரைப் பார்த்தது போதும்

திருவள்ளூரை அடுத்த திரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ‘டயட்’ என்றால்தான் பலருக்கும் புரியும். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டு. இப்படிப்பில் சேர்ந்தவர்களைப் பாடம் நடத்த விடுவதற்கு முன் ஒரு பள்ளிக்கு அனுப்பி, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். கையில் உற்றுநோக்கல் குறிப்பேடு இருக்கும்.

முதல் நாள் அதில் ஏறுவதெல்லாம் பெரும்பாலும் டீச்சரைப் பற்றித்தான். பாடத்தை எப்படி ஆரம்பித்தார், என்ன துணைக்கருவி காட்டினார், கரும்பலகை எழுத்து நேராக இருந்ததா. பிள்ளைகளுக்கு ‘ஆர்வமாகக் கவனித்தனர்’ என்று ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. ஏன் என்பதற்கு ஒரு திட்டத்தின் வகுப்பறையையே உதாரணமாகப் பார்க்கலாம்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இதே மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. எழுத்தே பழகாமல் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்காக வந்த திட்டம் இது. வகுப்பை வைத்துப் பிரிக்காமல், கற்றிருக்கும் அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளும் இருப்பார்கள், டீச்சர் ஒருவர்தான். அவர் மலர் பிள்ளைகளோடு இருக்கும்போது அரும்புப் பிள்ளை என்ன செய்கிறது? அவருக்கு அது தெரியாது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது ஒரு குழந்தையின் உதட்டை மட்டும் பாருங்கள். மற்றவர்கள் சொன்ன பிறகு, அரை நொடி தாமதமாக அது அசைந்தால், அந்தக் குழந்தை வாசிக்கவில்லை; காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது. விரல் ஒரு வரியில் இருக்கும், கண் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும். நாற்பது குரல்களுக்கு நடுவே இதை எந்த அனுபவசாலியாலும் முன்னால் நின்று கண்டுபிடிக்க முடியாது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆந்திர எல்லை, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. சிப்காட் ஆலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வருகிறார்கள். இந்தப் பிள்ளைகளில் ஒன்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளை கணக்கை முடித்துவிட்டு, விடையைத் தமிழில் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம்.

பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் டீச்சருக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை ஒரே ஒரு குழந்தைக்கு ஒதுக்குங்கள். முதல் முறை பள்ளிக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். வாயே திறக்காத ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, காலை முதல் மணி தொடங்கி மதியச் சாப்பாடு வரை பார்த்து எழுதுங்கள். கிளம்பும் முன் அதை வகுப்பு டீச்சரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

(தொடரும்)